நல்ல பாம்பு பெயரில் ஒரு சட்டம்!

அமெரிக்காவில் வேலை போனால் வைத்தியச் செலவு யார் தலையில்?

"அம்மா, வேலை போய்விட்டது."

அமெரிக்காவில் இருந்து மகன் பேசுகிறான். இங்கே இரவு 11 மணி. அங்கே பகல்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"ஏம்பா, அவளுக்கு இது ஏழாம் மாசம் ஆச்சே! பிரசவத்துக்கு என்ன பண்ணுவே?"

சம்பளத்தைப் பற்றி அந்தத் தாய் கேட்கவில்லை. வீட்டு வாடகையைப் பற்றிக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியைப் பற்றித்தான் கேட்டாள்.

சரியான கேள்வி! அமெரிக்காவில் வேலை போனால் சம்பளம் மட்டும் போவதில்லை. வைத்தியமும் கூடவே போகிறது.

இது ஒரு வீட்டுச் சங்கதி அல்ல. 2022 நவம்பரில், பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனி 11 ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12 ஆயிரம் பேர் என்று அறிவித்தது. அதே மாதம் மைக்ரோசாப்ட் 10 ஆயிரம் பேர் என்றது. 2025 அக்டோபரில் அமேசான் 14 ஆயிரம் ஆபீசு வேலைகளைக் குறைப்பதாகச் சொன்னது. இந்தக் கம்பெனிகளில் எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் மதுரையிலும் கோவையிலும் திருநெல்வேலியிலும் இருக்கிறார்கள்.

அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் உண்டு. அந்தப் பதிலின் பெயர் "கோப்ரா". ஆம், நல்ல பாம்பைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். ஆனால் இது பாம்பு அல்ல. ஒரு சட்டம்!

முடிச்சு விழுந்த கதை

வேலைக்கும் வைத்தியத்துக்கும் அமெரிக்காவில் என்ன சம்பந்தம்? முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊரில் உள்ளதுபோல் யார் வேண்டுமானாலும் போய்ச் சீட்டு வாங்கும் தர்மாஸ்பத்திரி அங்கே ஊருக்கு ஊர் கிடையாது. இன்சூரன்சு அட்டை வேண்டும். அட்டை இல்லாவிட்டால் பில்லைப் பார்த்தே பாதி உயிர் போய்விடும். 15 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு இந்த அட்டை அவர்கள் வேலை பார்க்கும் கம்பெனி மூலமாகவே கிடைக்கிறது. வேலை பார்ப்பவர், மனைவி, மக்கள் எல்லோரும் அதில் சேர்த்தி.

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இப்படிச் செய்யவில்லை. யுத்தம் செய்த வேலை இது!

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டு இருந்தது. இளைஞர்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். தொழிற்சாலைகளில் ஆள் பஞ்சம். சம்பளத்தைக் கூட்டி ஆளைப் பிடிக்க முதலாளிகள் போட்டி போட்டார்கள். விலைவாசி ஏறிவிடும் என்று சர்க்கார் பயந்தது. 1942-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. சம்பளத்தை இஷ்டம்போல் உயர்த்தக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள்.

ஆனால் இன்சூரன்சுக்குக் கட்டும் பணம் சம்பளக் கணக்கில் சேராது என்று விட்டுவிட்டார்கள்.

முதலாளிகளுக்கு அது போதாதா? "சம்பளத்தைக் கூட்ட முடியாது. ஆனால் எங்களிடம் வந்தால் உன் குடும்பத்துக்கு வைத்தியச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஆளைக் கூப்பிட்டார்கள்.

யுத்தம் முடிந்தது. வழக்கம் முடியவில்லை. கம்பெனி கட்டும் இன்சூரன்சுப் பணத்துக்குத் தொழிலாளி வருமான வரி கட்ட வேண்டியது இல்லை என்று 1954-ல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். முடிச்சு இறுகிவிட்டது.

1965-ல் ஜனாதிபதி ஜான்சன், 65 வயது ஆனவர்களுக்கு "மெடிக்கேர்" என்றும், ஏழைகளுக்கு "மெடிக்கெய்டு" என்றும் இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்தார். நடுவில் இருக்கும் உழைப்பாளிக் குடும்பங்களுக்கு மட்டும் கம்பெனியே கதி.

வேலை இருக்கும் வரை கவலை இல்லை. வேலை போனால்?

விதவையின் கண்ணீர்

1982 கடைசியில் அமெரிக்காவில் வேலை இல்லாதோர் 100-க்கு 10 பேருக்கு மேல் போய்விட்டார்கள். வேலையோடு வைத்திய அட்டையும் போயிற்று.

அதைவிடக் கொடுமை பெண்களுக்கு. கணவன் இறந்துவிட்டால், அவனுடைய கம்பெனி கொடுத்த அட்டை மனைவிக்குச் செல்லாது! 25 வருஷம் குடும்பம் நடத்திய மனைவியைக் கணவன் விவாகரத்து செய்தாலும் அதே கதி. அவளுக்கு 50 வயது இருக்கும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் இருக்கும். புதிதாக இன்சூரன்சு எடுக்கப் போனால், "உனக்கு ஏற்கனவே நோய் இருக்கிறதே!" என்று கம்பெனிகள் கதவைச் சாத்தின.

இதற்கு ஒரு பரிகாரம் வேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரசில் வாதாடியவர்களில் முக்கியமானவர் பீட் ஸ்டார்க். கலிபோர்னியா உறுப்பினர். கடைசியில், ஒரு பெரிய பட்ஜெட் சட்டத்தின் உள்ளே இதையும் ஒரு பகுதியாக நுழைத்துவிட்டார்கள். 1986 ஏப்ரல் 7-ந்தேதி ஜனாதிபதி ரீகன் கையெழுத்துப் போட்டார். அந்தப் பட்ஜெட் சட்டத்தின் நீளமான ஆங்கிலப் பெயரில் உள்ள முதல் எழுத்துக்களைக் கூட்டினால் "கோப்ரா" என்று வருகிறது. பெயர் வந்த கதை அவ்வளவுதான். பாம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அதே சட்டத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு உயிருக்குப் போராடும் நிலையில் ஒருவர் வந்தால், பணம் உண்டா என்று கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. பிரசவ வலியோடு வரும் பெண்ணையும் திருப்பி அனுப்பக் கூடாது. மெடிக்கேர் பணம் வாங்கும் ஆஸ்பத்திரிகளுக்கு இது கட்டாயம். அநேகமாக எல்லா ஆஸ்பத்திரியும் அதில் அடக்கம்.

எனவே அந்தத் தாய் ஒரு விஷயத்தில் தைரியமாக இருக்கலாம். வலி எடுத்து வரும் மருமகளை வாசலில் நிறுத்த மாட்டார்கள். ஆனால் இது இலவசம் அல்ல. குழந்தை பிறந்த பிறகு பில் வீடு தேடி வரும்!

யாருக்கு? எத்தனை மாதம்?

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகளுக்கு கோப்ரா சட்டம் பொருந்தும்.

வேலையை விட்டு நீக்கினாலும் சரி, தானே ராஜினாமா செய்தாலும் சரி, வேலை நேரத்தைக் குறைத்ததால் அட்டை போனாலும் சரி, 18 மாதம் வரை பழைய இன்சூரன்சிலேயே தொடரலாம். அதே டாக்டர், அதே ஆஸ்பத்திரி, அதே அட்டை. படுமோசமான நடத்தைக்காக வேலையை விட்டுத் துரத்தப்பட்டவருக்கு மட்டும் கிடையாது.

தொழிலாளி இறந்துவிட்டால் மனைவி மக்களுக்கு 36 மாதம். விவாகரத்து ஆன மனைவிக்கும் 36 மாதம். அப்பா அல்லது அம்மாவின் அட்டையில் இருக்கும் பிள்ளைக்கு 26 வயது முடிந்து பெயர் நீங்கினால், அந்தப் பிள்ளைக்கும் 36 மாதம். வேலை போன சமயத்தில் உடல் ஊனமுற்று, அதை சர்க்கார் ஒப்புக்கொண்டால் 18 என்பது 29 மாதம் ஆகும்.

20 பேருக்குக் குறைந்த சின்னக் கம்பெனி என்றால்? பல ராஜ்யங்களில் தனிச் சட்டம் இருக்கிறது. கலிபோர்னியாவில் 2 பேர் முதல் 19 பேர் வரை உள்ள கம்பெனிகளுக்கும் உண்டு. அங்கே 36 மாதம் வரை தொடரலாம்.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

யானையும் தீனியும்

அட்டை தொடரும். பணம் யார் கட்டுவது?

நீங்கள்தான். முழுவதும் நீங்கள்தான்!

கணக்கைப் பாருங்கள். கே.எப்.எப். என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுதோறும் கம்பெனிகளை விசாரித்துக் கணக்கு வெளியிடுகிறது. 2025-ம் ஆண்டுக் கணக்குப்படி, ஒரு குடும்பத்துக்குக் கம்பெனி இன்சூரன்சு செலவு சராசரியாக ஆண்டுக்கு 26 ஆயிரத்து 993 டாலர். இதில் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது 6 ஆயிரத்து 850 டாலர். மீதி 20 ஆயிரத்துச் சொச்சம் டாலரைக் கம்பெனி கட்டுகிறது.

மாதக் கணக்கில் சொன்னால், வேலையில் இருக்கும்போது சம்பளத்தில் பிடித்தது சுமார் 571 டாலர்.

வேலை போன மறுமாதம்? கம்பெனியின் பங்கையும் நீங்களே கட்ட வேண்டும். கணக்கு எழுதும் செலவுக்காக 100-க்கு 2 வீதம் மேலே போட்டுக்கொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது. ஆக மாதம் சுமார் 2 ஆயிரத்து 294 டாலர். நம் பணத்தில் 2 லட்சம் ரூபாயை ஒட்டி வரும்!

சம்பளம் வந்தபோது 571. சம்பளம் நின்றபோது 2 ஆயிரத்து 294.

வேலை இழந்தவருக்கு சர்க்கார் உதவித் தொகை கொடுக்குமே என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கிறது. கலிபோர்னியா ராஜ்யத்தில் 2025-ல் அதிகபட்ச உதவி வாரத்துக்கு 450 டாலர். மாதத்துக்குச் சுமார் 1,950 டாலர். அந்த முழுத் தொகையையும் கொண்டுபோய்க் கட்டினாலும் சராசரிக் குடும்பத்தின் கோப்ரா பணத்துக்குப் போதாது. சாப்பாடு, வாடகை எல்லாம் அப்புறம்.

யானையை இனாமாகக் கொடுத்துவிட்டு, "தீனி மட்டும் நீயே போட்டுக்கொள்" என்று சொல்வது போல் இருக்கிறது. சட்டம் உரிமையைக் கொடுத்தது. பணத்தைக் கொடுக்கவில்லை. கோப்ராவில் உள்ள பெரிய குறை இதுதான்.

முதலாளிகளிடம் கேட்டால் அவர்கள் வேறு குறை சொல்கிறார்கள். "இவ்வளவு பணம் கட்டி யார் தொடருவான்? பெரிய வைத்தியச் செலவு காத்திருப்பவன்தான் தொடருவான். திடமாக இருப்பவன் விட்டுவிட்டுப் போய்விடுவான். அதனால் அவர்கள் கட்டுகிற பணத்தைவிட எங்களுக்குச் செலவு அதிகம்" என்கிறார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கர்ப்பிணிக்கும் இதய நோயாளிக்கும்தானே அட்டை வேண்டும்!

அமெரிக்க சர்க்காரே இந்தக் குறையை இரண்டு தடவை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2009-ல் பெரிய பொருளாதார வீழ்ச்சி. வேலையில் இருந்து நீக்கப்பட்டவர்களுக்கு கோப்ரா பணத்தில் 100-க்கு 65 பங்கை சர்க்கார் ஏற்றுக்கொண்டது. கொரோனா காலத்தில், 2021 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 6 மாதம், முழுப் பணத்தையும் சர்க்காரே ஏற்றுக்கொண்டது. இரண்டும் முடிந்துவிட்டன. இப்போது பழையபடி முழுச் சுமையும் குடும்பத்தின் தலையில்தான்.

காத்திருக்கலாம்!

இந்தச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. பலருக்குத் தெரியாதது அதுதான். பணம் புரட்ட முடியாமல் தவிக்கும் குடும்பத்துக்கு அது கை கொடுக்கும்.

உடனே பணம் கட்ட வேண்டியது இல்லை. யோசிக்க 60 நாள் அவகாசம் உண்டு. சேருகிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு, முதல் பணம் கட்ட இன்னும் 45 நாள் உண்டு. பணம் கட்டிவிட்டால், அட்டை நின்றுபோன நாளில் இருந்தே செல்லும். நடுவில் நடந்த வைத்தியத்துக்கும் செல்லும்!

நாம் பார்த்த குடும்பத்தையே ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஜூன் 10-ந்தேதி வேலை போகிறது. அந்தக் கம்பெனியில் மாதக் கடைசி வரை அட்டை செல்லும். (வேலை போன அன்றே நிறுத்திவிடும் கம்பெனிகளும் உண்டு. இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.) ஜூலை 1 முதல் அட்டை இல்லை.

கம்பெனி 30 நாளுக்குள் இன்சூரன்சு நிர்வாகிக்குத் தகவல் சொல்ல வேண்டும். நிர்வாகி 14 நாளுக்குள் தொழிலாளிக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதத்தில் ஜூலை 10-ந்தேதி போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டை நின்ற நாள், கடிதம் கொடுத்த நாள், இந்த இரண்டில் எது பிந்தியதோ அதில் இருந்து 60 நாள். ஆக செப்டம்பர் 8 வரை யோசிக்கலாம்.

ஆகஸ்டு மாதம் குழந்தை பிறக்கிறது. பெரிய பில் வருகிறது. செப்டம்பர் 8-ந்தேதி, "நாங்கள் சேருகிறோம்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அதில் இருந்து 45 நாள், அதாவது அக்டோபர் 23 வரை, முதல் பணத்துக்குத் தவணை. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் மூன்று மாதத்துப் பணத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். சராசரிக் கணக்கில் சுமார் 6 ஆயிரத்து 900 டாலர். கட்டினால், பிரசவச் செலவு இன்சூரன்சுக் கணக்கில் ஏறும்.

அதற்குள் புது வேலை கிடைத்து, யாருக்கும் நோய் நொடி வரவில்லை என்றால்? சேரவே வேண்டாம். ஒரு காசும் கட்ட வேண்டாம்.

இது ஏமாற்று அல்ல. சட்டத்தில் உள்ள வழி. ஆனால் சங்கடமும் இல்லாமல் இல்லை. நடுவில் மருந்துக் கடைக்குப் போனால், "உங்கள் அட்டை செல்லாது" என்பார்கள். கைப்பணம் போட்டு வாங்கி, ரசீதை வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி முன்பணம் கேட்கலாம். 60-வது நாள் என்பது 60-வது நாள்தான். 61-வது நாள் கெஞ்சினாலும் நடக்காது. முதல் பணத்துக்கும் அப்படித்தான். அதன் பிறகு கட்டும் மாதப் பணத்துக்கு 30 நாள் கருணை நாட்கள் உண்டு.

இன்னொரு விஷயம். குடும்பம் முழுவதும் சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை. மருமகள் மட்டும் கோப்ராவில் தொடரலாம். 2025 கணக்கில் ஒரு ஆளுக்குச் சராசரி மாதம் 793 டாலர்தான் ஆகும். கணவனும் மூத்த பிள்ளையும் வேறு மலிவான இன்சூரன்சைப் பார்த்துக்கொள்ளலாம். குழந்தை பிறந்தால், குறித்த நாளுக்குள் அதையும் தாயின் அட்டையில் சேர்க்கலாம். பொதுவாக 30 நாள் தவணை இருக்கும்.

இதைச் செய்த குடும்பங்கள் மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் மிச்சப்படுத்தலாம். ஆனால் கம்பெனி கொடுக்கும் பாரத்தில் "குடும்பம் முழுவதும்" என்ற கட்டம்தான் முதலில் கண்ணில் படும். அதிலேயே டிக் போட்டுவிடுகிறார்கள்!

இரண்டு 60 நாள்

விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு குழப்பம் வரும்.

எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவருக்கு வேலை போனால், வேறு வேலை தேடவோ, விசாவை மாற்றவோ, ஊர் திரும்பவோ அதிகபட்சம் 60 நாள் அவகாசம். 2017-ல் இருந்து இந்த விதி இருக்கிறது. விசா அனுமதி அதற்கு முன்பே முடிந்தால் அந்த அளவுக்குக் குறையும்.

அது ஒரு 60 நாள். கோப்ராவின் 60 நாள் வேறு! விசாவின் 60 நாள் வேலை முடிந்ததும் ஓட ஆரம்பிக்கும். கோப்ராவின் 60 நாள் கடிதம் வந்த பிறகும் ஆரம்பிக்கலாம். மேலே சொன்ன குடும்பத்துக்கு விசா நாள் ஆகஸ்டு 9-ந்தேதியோடு முடிந்துவிடும். கோப்ரா நாள் செப்டம்பர் 8 வரை இருக்கும். ஒன்று தீர்ந்ததால் மற்றதும் தீர்ந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

வேறு வழி உண்டா?

மனைவிக்கும் வேலை இருந்தால் அதுதான் நல்ல வழி. கணவனுக்கு அட்டை போன 30 நாளுக்குள், மனைவியின் கம்பெனி இன்சூரன்சில் குடும்பத்தைச் சேர்த்துவிடலாம். 1996-ல் வந்த சட்டம் இந்த உரிமையைக் கொடுக்கிறது.

அது இல்லாவிட்டால் "ஒபாமா சந்தை" இருக்கிறது. 2010-ல் ஜனாதிபதி ஒபாமா கொண்டுவந்த சட்டப்படி, தனி ஆட்களும் குடும்பங்களும் இன்சூரன்சு வாங்க ஒரு சந்தை ஏற்பட்டது. 2014-ல் இருந்து நடக்கிறது. ஏற்கனவே நோய் இருக்கிறது என்றோ, கர்ப்பிணி என்றோ சொல்லி மறுக்க முடியாது. வேலை போய் அட்டை நின்ற 60 நாளுக்குள் சேரலாம். வருமானம் குறைவாக இருந்தால் சர்க்கார் உதவித் தொகையும் உண்டு.

2021 முதல் அந்த உதவித் தொகை தாராளமாகக் கிடைத்தது. 2025 டிசம்பரோடு அந்தத் தாராளம் முடிந்தது. அதை நீட்டிக்கும் தகராறில்தான் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க சர்க்கார் ஆபீசுகள் பல மூடிக் கிடந்தன! இன்னொரு செய்தியும் நம்மவர்களுக்கு முக்கியம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, எச்-1பி போன்ற விசாக்களில் இருப்பவர்களுக்கு 2027 ஜனவரி முதல் இந்த உதவித் தொகை கிடையாது. உதவி இல்லாமல் முழு விலை கொடுத்து வாங்கலாம்.

அப்படியானால் கோப்ராவா, சந்தையா? எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. சந்தையில் மலிவு இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க இன்சூரன்சில் வருஷத்துக்கு முதல் சில ஆயிரம் டாலரை நோயாளியே கட்ட வேண்டும். அதன் பிறகுதான் இன்சூரன்சு கை கொடுக்கும். ஏழு மாத கர்ப்பிணி, ஸ்கேன் என்றும் பரிசோதனை என்றும் அந்தத் தொகையை அநேகமாகக் கட்டி முடித்திருப்பாள். கோப்ராவில் தொடர்ந்தால் கட்டியது கட்டியதுதான். சந்தையில் புதிதாகச் சேர்ந்தால் மறுபடி முதலில் இருந்து! புது இன்சூரன்சில் பழைய பிரசவ டாக்டர் இல்லாமலும் போகலாம். அதனால் பிரசவம் நெருங்கிய வீட்டில், தாய்க்கு மட்டுமாவது கோப்ராவைத் தொடருவதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

சந்தையில் சேர உள்ள 60 நாளும் தப்பி, கோப்ராவில் சேர்ந்து, நடுவில் பணம் கட்ட முடியாமல் நின்றால் ஆபத்து. அந்த ஒரு காரணத்துக்காகச் சந்தைக் கதவு திறக்காது. அடுத்த பொதுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டும்.

65 வயது ஆனவர்களுக்கு வேறு பள்ளம் இருக்கிறது. மெடிக்கேர் தகுதி உள்ளவர், "கோப்ரா இருக்கிறதே" என்று மெடிக்கேரில் சேராமல் இருந்துவிடக் கூடாது. வேலை முடிந்த 8 மாதத்துக்குள் சேராவிட்டால், பிறகு ஆயுள் முழுவதும் அபராதம் சேர்த்துக் கட்ட வேண்டி வரலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளம், கம்பெனியே மூடிவிடுவது. கோப்ரா என்பது கம்பெனியின் இன்சூரன்சில் தொடருவதுதான். கம்பெனி திவாலாகி, இன்சூரன்சுத் திட்டத்தையே கலைத்துவிட்டால், தொடருவதற்கு ஒன்றும் இல்லை. சிறிய புதுக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அவர்களுக்கு சந்தைதான் கதி.

புது வேலை கிடைத்ததும் கோப்ராவை விட்டுவிடலாமா? அவசரம் வேண்டாம். புதுக் கம்பெனியின் இன்சூரன்சு முதல் நாளே ஆரம்பிக்காமல் இருக்கலாம். 90 நாள் வரை காக்க வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. புது அட்டை கைக்கு வந்து, அதில் எந்தத் தேதியில் இருந்து செல்லும் என்று பார்த்த பிறகு பழையதை விடலாம்.

தபால் பெட்டியைப் பாருங்கள்

கடைசியாக, மகனிடம் அந்தத் தாய் கேட்க வேண்டியது ஒன்று.

கோப்ரா கடிதம் பெரும்பாலும் சாதாரணத் தபாலில் வரும். அனுப்புவது பழைய கம்பெனியாக இருக்காது. பெயர் தெரியாத ஏதோ ஒரு கணக்கு நிர்வாகக் கம்பெனியாக இருக்கும். கவரைப் பார்த்தால் விளம்பரக் காகிதம் போலவே தோன்றும். அமெரிக்காவில் தினமும் வீட்டுக்குக் கட்டுக் கட்டாக விளம்பரத் தபால் வரும். பிரிக்காமலே குப்பையில் போடுவது அங்கே வழக்கம்.

கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கு முறைப்படி தபாலில் அனுப்பிவிட்டால், கம்பெனியின் கடமை முடிந்தது. கைக்கு வந்து சேர்ந்ததா என்று யாரும் கேட்பது இல்லை. 60 நாள் ஓட ஆரம்பித்துவிடும்.

வேலை போனதும் வாடகை குறைந்த வீட்டுக்கு மாறும் குடும்பங்கள் உண்டு. கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விடும். அதனால் வீடு மாறும் அன்றே பழைய கம்பெனிக்குப் புது விலாசத்தை எழுதித் தெரிவிக்க வேண்டும். வேலை போய் 44 நாள் ஆகியும் கடிதம் வராவிட்டால், கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும். அப்போதும் பதில் இல்லை என்றால் அமெரிக்கத் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். கடிதம் அனுப்பத் தவறிய நிர்வாகிக்கு நாள் ஒன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் விதிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

"கடிதம் வந்ததா? அதில் என்ன தேதி போட்டிருக்கிறது?"

அடுத்த தடவை மகன் பேசும்போது இந்த இரண்டையும் கேளுங்கள், அம்மா!